எழுத்துச் சரமும் எல்லைக் காவலும்

எழுதுவோர்க்குத் தொடங்கத் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. எழுதியது எங்கே முடிகின்றது என்பதையும் படிப்போர்க்கு உணர்த்துதல் வேண்டும். காசோலையில் 'ரூபாய் ஐம்பது மட்டும்' என்று எழுதுகிறோம். 'மட்டும்' என்னும் அச்சொல் தொகையைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. ஆயினும் அஃது இல்லையேல், ஐம்பது என்பதன் பின்னே 'ஆயிரம்' என்று ஒருவன் சேர்த்தெழுதிவிடக் கூடும். சரக்கு வண்டியோடு அனுப்பும் சீட்டிலோ 'மூட்டை 40' என்று எண்ணிக்கையை முதலிலேயே குறித்துவிடுகிறோம். இறக்குவோர் நாற்பதை எண்ணியவுடன் பணி முடிந்தது என்று அறிவர். முடிவில் ஓர் அடையாளம் இடுதல் ஒரு முறை. முதலிலேயே அளவைச் சொல்லிவிடுதல் மற்றொரு முறை. எல்லை காட்டுவதற்கு உலகியலில் வழங்கும் இவ்விரு முறைகளே கணிப்பொறியிலும் வழங்குகின்றன. அங்கே எல்லை தவறினால் விளையும் தீமையோ காசோலையில் விளைவதினும் பன்மடங்கு பெரிது. அத்தீமை எவ்வாறு விளைகின்றது என்பதையும், அதனைத் தடுக்கும் வழி யாது என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

கணிப்பொறிக்கு ஏவல் இடுவதற்கென அமைந்த மொழிகளுள் ஒன்று சி மொழி. அமெரிக்க நாட்டில் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள பெல் ஆய்வுக்கூடத்தில், டென்னிஸ் ரிட்சி என்னும் அறிஞர் 1972-ஆம் ஆண்டை ஒட்டி இதனை உருவாக்கினார். யுனிக்ஸ் என்னும் இயக்க முறைமையை எழுதுவதற்கு அது துணையாயிற்று. 1978-ஆம் ஆண்டில் பிரையன் கெர்னிகனும் ரிட்சியும் சேர்ந்து சி மொழிக்கு ஒரு நூல் எழுதினர். அந்நூலின் வழியே அம்மொழி உலகெங்கும் பரவியது. இன்று நம் கைப்பேசிகளுள் பெரும்பாலானவற்றை இயக்கும் லினக்ஸ் என்னும் முறைமையின் கரு பெரும்பான்மையும் சி மொழியிலேயே எழுதப்பெற்றுள்ளது. வேறு மொழிகள் பலவற்றை இயக்கும் பொறிநிரல்களும் சி மொழியில் அமைந்தவையே. எனவே, சி மொழியின் பெயரையே அறியாதவரும் நாள்தோறும் அதன் பயனைத் துய்க்கின்றனர். அதில் நேரும் பிழைகளின் பயனையும் துய்க்கின்றனர்.

கணிப்பொறியின் நினைவகம் ஒரு நீண்ட தெருவைப் போன்றது. தெருவில் வீடுகள் வரிசையாக நிற்பதுபோல, நினைவகத்தில் பைட் என்னும் சிறு அறைகள் வரிசையாக அமைந்துள்ளன. ஒவ்வோர் அறைக்கும் ஒரு கதவிலக்கம் உண்டு. ஓர் அறையில் 0 முதல் 255 வரை உள்ள எண்களுள் ஏதேனும் ஒன்றை வைக்கலாம். அறைக்குள் எழுத்து இராது, எண்ணே இருக்கும். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பது மக்கள் செய்துகொண்ட உடன்பாடு. 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி என்னும் உடன்பாட்டின்படி, ஆங்கில நெடுங்கணக்கின் முதற் பேரெழுத்தாகிய 'ஏ' என்பதற்கு எண் 65. அடுத்த எழுத்தாகிய 'பி' என்பதற்கு 66. இவ்வாறு பல எழுத்துகளை அடுத்தடுத்த அறைகளில் நிரல்பட வைத்தால், அதற்குச் 'சரம்' என்று பெயர். பூக்களை வரிசையாகத் தொடுத்ததைச் சரம் என்று சொல்கிறோம் அன்றோ? அதுபோன்றதே இதுவும்.

பூச்சரத்தின் முடிவில் நாரை முடிந்துவிடுவர். முடிச்சு இல்லையேல் பூக்கள் உதிர்ந்துவிடும். எழுத்துச் சரத்தின் முடிச்சு எது? சி மொழியில் சரத்தின் இறுதி எழுத்தை அடுத்து, சுழி என்னும் எண்ணை ஓர் அறையில் வைக்கின்றனர். எழுத்து எதற்கும் சுழி என்னும் எண் வழங்கப்பெறாமையால், அதனைக் கண்டவுடன் 'சரம் முடிந்தது' என்று கணிப்பொறி அறிந்துகொள்ளும். மதுரை என்னும் ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் ஏழு எழுத்து வரும். அதனை வைப்பதற்கு ஏழு அறைகள் போதுமா? போதா; எட்டு அறைகள் வேண்டும். எட்டாவது அறை முடிச்சுக்கு உரியது. முடிச்சுக்கு இடம் ஒதுக்க மறந்து இடர்ப்பட்ட நிரலர் பலர்.

இம்முடிச்சு முறையை ரிட்சி தேர்ந்தது ஏன்? 1960-களில் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் என்பார் இயற்றிய பி.சி.பி.எல். என்னும் மொழியில், சரத்தின் நீளத்தை முதல் அறையிலேயே எழுதிவைக்கும் முறை இருந்தது. ஆனால் ஓர் அறையில் அடங்கும் பேரெண் 255 தானே? அதனினும் நீண்ட சரத்தை அம்முறையில் வைத்தல் அரிது. கென் தாம்சன் இயற்றிய பி மொழி அம்முறையைக் கைவிட்டு, முடிவில் ஓர் அடையாளம் இடும் முறையை மேற்கொண்டது. பி மொழியின் வழித்தோன்றலாகிய சி மொழியும் அதனையே பின்பற்றியது. நீளத்திற்கு வரம்பு இருத்தல் கூடாது என்பதும், நீளத்தை எப்பொழுதும் கணக்கு வைத்துக்கொண்டிருப்பதினும் முடிவில் ஒரு குறியிடுதல் எளிது என்பதுமே இதற்குக் காரணங்கள் என்று ரிட்சி பிற்காலத்தில் எழுதினார். இடம் சிறிதாகவும் பொறி மெதுவாகவும் இருந்த அந்நாளில் அது பொருத்தமான முடிவே ஆகும்.

ஆயினும் அம்முடிவிற்கு ஒரு விலை இருந்தது. சி மொழியில் ஒரு சரத்தை ஒரு செயற்கூற்றிடம் ஒப்படைக்கும்பொழுது, நாம் கொடுப்பது அதன் முதல் அறையின் இலக்கத்தை மட்டுமே. சரம் எவ்வளவு நீளம் என்பதை அறிய, முதல் அறையிலிருந்து சுழி வரும்வரை நடந்து பார்த்தல் வேண்டும். அதுவேனும் நடந்தால் தெரிந்துவிடும். சரத்தை வைப்பதற்கு ஒதுக்கிய கொள்கலம் எவ்வளவு பெரிது என்பதோ எத்துணை நடந்தாலும் தெரியாது. அக்கொள்கலத்தின் சுவரில் கதவிலக்கம் உண்டு. 'இவ்விடத்தோடு முடிந்தது' என்னும் அறிவிப்பு இல்லை. ஒரு சரத்தைப் படியெடுக்கும் 'ஸ்ட்ர்காப்பி' என்னும் செயற்கூறு, சுழி வரும்வரை ஒவ்வோர் எழுத்தாக எடுத்து வைத்துக்கொண்டே போகும். வைக்கும் இடத்தில் இடம் உண்டா என்று அது கேட்பதில்லை. கேட்கவும் அதற்கு வழியில்லை.

உழக்கிலே படி நெல்லைப் பெய்தால் என்ன ஆகும்? எஞ்சிய நெல் தரையில் சிந்தும், கண்டவர் அள்ளிக்கொள்வர். நினைவகத்தில் அவ்வாறு சிந்துவதற்கு வெற்றுத் தரை இல்லை. ஓர் அறையை அடுத்து வேறு ஒருவருடைய அறை இருக்கின்றது. எட்டு அறைகள் கொண்ட கொள்கலத்தில் திருநெல்வேலி என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பதாகக் கொள்வோம். எழுத்துகள் பதினொன்று, முடிச்சோடு பன்னிரண்டு. எட்டு எழுத்துகள் தம் இடத்தில் அமரும். எஞ்சிய மூன்று எழுத்துகளும் முடிச்சும் அடுத்த நான்கு அறைகளுக்குள் அத்துமீறிப் புகுந்து, அங்கே இருந்தவற்றை அழித்துவிட்டுத் தாம் அமரும். அந்த நான்கு அறைகளில் ஒரு மாணவனின் மதிப்பெண் இருந்திருக்கலாம். ஒருவருடைய சேமிப்புத் தொகை இருந்திருக்கலாம். நேற்றுவரை சரியாக இருந்த கணக்கு இன்று பிழைபட்டு நிற்கும். பிழை நேர்ந்தது ஊர்ப்பெயர் எழுதிய இடத்தில். வெளிப்படுவதோ தொகை காட்டும் இடத்தில். நோய் ஓரிடம், வலி ஓரிடம் என்னும் நிலையே இது.

இதனினும் பெருங்கேடு ஒன்று உண்டு. ஒரு செயற்கூறு தன் பணியை முடித்தபின் எவ்விடத்திற்குத் திரும்புதல் வேண்டும் என்னும் முகவரியும் நினைவகத்தில், பெரும்பாலும் அக்கொள்கலத்திற்கு அண்மையிலேயே, எழுதிவைக்கப்படுகின்றது. நீண்ட சரம் ஒன்று கரைபுரண்டு சென்றால் அம்முகவரியும் அழிந்து மாறிவிடும். தற்செயலாக மாறினால் நிரல் நிலைகுலைந்து நின்றுவிடும். ஆனால் தீயோன் ஒருவன், எந்த எழுத்தை எத்தனையாவது இடத்தில் வைத்தால் தான் விரும்பும் முகவரி அங்கே அமையும் என்று கணக்கிட்டுச் சரத்தை அனுப்பினால், கணிப்பொறி அவன் ஏவலுக்கு ஆட்பட்டுவிடும். இது வெறுங்கற்பனை அன்று. உலகில் நடந்த நிகழ்ச்சி.

1988-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், அமெரிக்க நாட்டு இணையத்தில் ஒரு நிரல் பரவத் தொடங்கியது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த ராபர்ட் டாப்பன் மாரிஸ் என்பவர் அதனை எழுதி வெளியிட்டார். அது ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றிற்குத் தானே ஊர்ந்து சென்றமையால், அதனைப் 'புழு' என்று அழைத்தனர். அது நுழைந்த வழிகளுள் ஒன்று, 'ஃபிங்கர்' என்னும் தொண்டு. 'இப்பொறியில் இப்பொழுது பணிபுரிவோர் யாவர்?' என்று வெளியிலிருந்து கேட்போர்க்கு விடை கூறுவதே அத்தொண்டின் வேலை. கேள்வியை வாங்கிவைக்க அதில் 512 பைட் கொண்ட கொள்கலம் ஒன்று இருந்தது. ஒரு பெயரைக் கேட்க அது தாராளமாகப் போதும் என்று எழுதியோர் எண்ணியிருப்பர். ஆனால் வாங்குவதற்கு அவர்கள் கையாண்டது 'கெட்ஸ்' என்னும் செயற்கூறு. வருவதை எல்லாம் வாங்குமேயன்றி, எவ்வளவு வாங்கலாம் என்பதை அஃது அறியாது. புழு 536 பைட் நீளமுள்ள சரத்தை அனுப்பியது. மிகுதியாக வந்தது 24 பைட். அவ்வளவே போதுமானதாயிற்று, திரும்பும் முகவரி மாறியது, வாக்ஸ் இனத்துப் பொறிகள் புழுவின் வயப்பட்டன.

அந்நாளில் இணையத்தில் ஏறத்தாழ 60,000 கணிப்பொறிகள் இருந்தன என்றும், அவற்றுள் 6,000 வரை தாக்குண்டன என்றும் மதிப்பிட்டனர். புழு கோப்புகளை அழிக்கவில்லை. ஆயினும் ஒரே பொறியில் மீண்டும் மீண்டும் பெருகி, அப்பொறி வேறு வேலை செய்ய இயலாதவாறு திணறச் செய்தது. பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிலையங்களும் தம் பொறிகளை இணையத்திலிருந்து பிரித்துவைக்க நேர்ந்தது. மாரிஸுக்கு 1990-ஆம் ஆண்டில் நீதிமன்றம் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகத் தொண்டும், 10,050 டாலர் தண்டமும் விதித்தது. இத்தகைய இடர்களை எதிர்கொள்வதற்கென்றே கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு தனி அமைப்பு 1988-ஆம் ஆண்டிலேயே நிறுவப்பெற்றது. கெட்ஸ் என்னும் செயற்கூற்றைப் பாதுகாப்பாகக் கையாள எவ்வகையானும் இயலாது என்பது தெளிவாயிற்று. ஆயினும் 2011-ஆம் ஆண்டில் வெளியான தரவரையறையில்தான் சி மொழி அதனை முற்றிலும் நீக்கியது. ஒரு தீய பழக்கத்தைக் கண்டறிதல் எளிது. களைதல் எத்துணை அரிது என்பதற்கு இந்த 23 ஆண்டுகளே சான்று.

இனி, காக்கும் வழிகளைக் காண்போம். கெட்ஸ் என்பதற்கு மாற்றாக 'எஃப்கெட்ஸ்' என்னும் செயற்கூறு உண்டு. அதனிடம் கொள்கலத்தின் அளவையும் சொல்லிவிட வேண்டும். அளவு எட்டு என்றால், அது ஏழு எழுத்துக்கு மேல் வாங்காது. எட்டாவது இடத்தில் முடிச்சிடும். படியெடுப்பதற்கு 'ஸ்ட்ர்என்காப்பி' என்று ஒரு செயற்கூறு உளது. அதற்கும் அளவைச் சொல்கிறோம். ஆதலின் அது பாதுகாப்பானது என்று பலர் கருதுகின்றனர். அக்கருத்துப் பிழையானது. பழைய யுனிக்ஸில் கோப்பின் பெயருக்கு 14 பைட் கொண்ட இடம் ஒதுக்கியிருந்தனர். அந்த இடத்தை நிரப்புவதற்கென்று ஏற்பட்டதே அச்செயற்கூறு. பெயர் சிறிதாயின் எஞ்சிய இடம் முழுவதையும் சுழியால் நிரப்பும். பெயர் இடத்தை நிறைத்துவிட்டாலோ முடிச்சே இடாமல் விட்டுவிடும். முடிச்சற்ற அச்சரத்தைப் பின்னர்ப் படிப்பவர் எல்லை தெரியாமல் அடுத்த அறைகளுக்குள் நடந்துகொண்டே போவர். கருவியின் பெயரைக் கண்டு மயங்காமல், அஃது எதற்காகச் செய்யப்பட்டது என்று அறிந்து கையாளுதல் வேண்டும் என்பதை இது நமக்கு அறிவுறுத்துகின்றது.

1998-ஆம் ஆண்டில் ஓப்பன் பி.எஸ்.டி. என்னும் முறைமையைச் சார்ந்தோர் 'ஸ்ட்ர்எல்காப்பி' என்னும் செயற்கூற்றை அமைத்தனர். இடம் ஒன்றேனும் இருந்தால் அது முடிச்சிடத் தவறாது. மூலச் சரத்தின் முழு நீளத்தையும் விடையாகத் தரும். 1999-ஆம் ஆண்டின் சி தரவரையறையில் இடம்பெற்ற 'எஸ்என்பிரிண்ட்எஃப்' என்பதும் இத்தகையதே. பல செய்திகளை ஒன்றாகக் கோத்துச் சரமாக்கித் தரும் அச்செயற்கூறு, அளவை மீறாது. 'இடம் இருந்திருந்தால் இத்தனை எழுத்து எழுதியிருப்பேன்' என்று எண்ணிக்கையையும் கூறும். அவ்வெண் கொள்கலத்தின் அளவிற்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருந்தால், சரம் குறைபட்டது என்பது பொருள். இவ்விடையைக் கேளாமல் செல்வோர் பலர். வழிவது நின்றுவிட்டது என்பது உண்மையே; ஆனால் வெட்டுண்ட செய்தி முழுச் செய்தி ஆகுமா? 'மருந்து கொடுக்க வேண்டாம்' என்னும் ஆணை 'மருந்து கொடுக்க வேண்டும்' என்பதினின்று கடைசிச் சொல்லில்தான் வேறுபடுகின்றது. அக்கடைசிச் சொல்லே வெட்டுண்டு போனால் விளைவு யாதாகும்? எனவே, வழியாமல் காப்பதோடு, வெட்டுண்டதா என்று பார்ப்பதும் நிரலரின் கடமையாகும்.

முடிச்சு முறையில் இத்துணை இடர் உண்டென்றால், அளவை முதலில் சொல்லும் முறையே சிறந்தது அன்றோ என்று நீங்கள் கேட்கலாம். அம்முறையிலும் ஓர் இடர் உண்டு. 'மூட்டை 40' என்று சீட்டு சொல்கின்றது. வண்டியில் உண்மையில் நாற்பது உளவா? 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் 'ஹார்ட்பிளீட்' என்னும் குறை ஒன்று உலகிற்கு அறிவிக்கப்பட்டது. இணையத்தில் செய்திகளை மறைபொருளாக்கி அனுப்ப உதவும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் நிரல் தொகுதியில் அக்குறை இருந்தது. இணைப்பு உயிரோடு உளதா என்று அறிவதற்காக, ஒரு பொறி சிறு செய்தி ஒன்றை அதன் நீளத்தோடு அனுப்பும். மற்றொரு பொறி அதனை அப்படியே திருப்பி அனுப்பும். ஒருவன் ஒரே ஓர் எழுத்தை அனுப்பிவிட்டு, 'நான் அனுப்பியது 64,000 எழுத்து' என்று பொய் சொன்னால் என் செய்வது? அந்நிரல் அச்சொல்லை ஆராயாமல் நம்பியது. அவ்வோர் எழுத்தை அடுத்து நினைவகத்தில் இருந்தவற்றையும் சேர்த்து அள்ளிக் கொடுத்துவிட்டது. பிறருடைய கடவுச் சொற்களும் மறைக்குறிகளும் அவ்வாறு வெளியே போகக்கூடிய நிலை ஏற்பட்டது. வந்த செய்தியின் உண்மையான அளவோடு சொன்ன அளவை ஒப்பிட்டுப் பார்த்தலே அதற்குச் செய்த திருத்தம்.

இரு முறைகளும் ஒன்றோடொன்று கலக்கும் இடத்தில் தோன்றும் இடரோ மிக நுட்பமானது. ஓர் இணையத்தளம் உண்மையில் அப்பெயருக்கு உரியதே என்று உறுதி கூறுவதற்குச் சான்றிதழ்கள் வழங்கப்படுகின்றன. சான்றிதழில் தளத்தின் பெயர் அளவு சொல்லும் முறையில் எழுதப்படும். அம்முறையில் சுழியும் ஓர் எழுத்துப்போலவே பெயரின் இடையில் வரலாம். ஆனால் அச்சான்றிதழைப் படித்த நிரல்கள் பல முடிச்சு முறையையே அறிந்தவை. ஒருவன் ஒரு வங்கியின் தளப்பெயரை எழுதி, அடுத்து ஒரு சுழியை வைத்து, அதன்பின் தனக்கு உரிய தளத்தின் பெயரைச் சேர்த்துச் சான்றிதழ் கேட்டால் என்ன நிகழும்? சான்று வழங்குவோர் பெயரின் கடைசிப் பகுதியைப் பார்த்து, 'இத்தளம் இவனுடையதே' என்று வழங்கிவிடுவர். படிக்கும் நிரலோ சுழியைக் கண்டவுடன் நின்று, 'இது வங்கியின் சான்றிதழ்' என்று கொள்ளும். 2009-ஆம் ஆண்டில் மாக்ஸி மார்லின்ஸ்பைக், டேன் காமின்ஸ்கி என்னும் இருவர் இக்குறையை எடுத்துக்காட்டினர்; அதன்பின் உலாவிகள் திருத்தப்பெற்றன. இங்கே எழுதியவர் முறையும் பிழையன்று. படித்தவர் முறையும் பிழையன்று. ஒரு முறையிலிருந்து மற்றொரு முறைக்கு மாற்றும்பொழுது, பொருள் மாறாமல் இருக்கின்றதா என்று பாராததே பிழை.

இதுகாறும் ஓர் எழுத்துக்கு ஓர் அறை என்று கொண்டோம். ஆங்கில எழுத்துக்கு அது பொருந்தும். உலக மொழிகள் அனைத்திற்கும் பொருந்துமா? 256 எண்களுக்குள் எல்லா மொழி எழுத்துகளும் அடங்கா. எனவே, ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு என்னும் பெருந்தொகுதி அமைந்தது. அதில் 'அ' என்பதன் எண் 2949. இவ்வெண் ஓர் அறையில் அடங்காது. அதனை எவ்வாறு வைப்பது? 1992-ஆம் ஆண்டில் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியில் ஓர் உணவு விடுதியில் அமர்ந்து, மேசை விரிப்புத் தாளின்மீது ஒரு முறையை வகுத்தனர். அதுவே இன்று யு.டி.எஃப்.-8 என்று வழங்குகின்றது. அம்முறையில் பழைய ஆஸ்கி எழுத்துகள் ஓர் அறையிலேயே நிற்கும். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று அறைகளைக் கொள்ளும். 'அ' என்பது 224, 174, 133 என்று மூன்று எண்களாக அமையும். பல அறை கொள்ளும் எழுத்தில் எந்த அறையிலும் சுழி வாராது. ஆதலின் சி மொழியின் முடிச்சு முறை அதனால் கெடுவதில்லை. இதுவே அதன் தனிச்சிறப்பு.

விண்டோஸ் முறைமையில் பெரிதும் வழங்கும் யு.டி.எஃப்.-16 என்னும் முறையோ வேறானது. அதில் ஆங்கில எழுத்தும் இரண்டு அறைகளைக் கொள்ளும். 'ஏ' என்னும் எழுத்து 65, 0 என்று அமையும். சரத்தின் நீளத்தை அளக்கும் 'ஸ்ட்ர்லென்' என்னும் செயற்கூற்றிடம் அத்தகைய சரத்தைக் கொடுத்தால், இரண்டாம் அறையிலேயே சுழியைக் கண்டு, 'நீளம் ஒன்று' என்று கூறிவிடும். சரம் எம்முறையில் எழுதப்பட்டதோ அம்முறைக்கு உரிய செயற்கூற்றையே கையாளுதல் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

நம் மொழியின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'தமிழ்' என்பதில் எத்தனை எழுத்து என்று கேட்டால், மூன்று என்று இலக்கணம் கூறும். யூனிகோடோ தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகளாக அதனைக் காணும். யு.டி.எஃப்.-8 முறையில் அது 15 அறைகளைக் கொள்ளும். முடிச்சுக்கும் சேர்த்து 16 வேண்டும். கேள்வி ஒன்று, விடை நான்கு. இடம் போதாமல் 14-ஆம் அறையோடு வெட்டினால், கடைசிக் குறி சிதைந்து பொருளற்றதாகும். சரியாக 12-ஆம் அறையோடு வெட்டினால் சிதைவு ஒன்றும் தோன்றாது. ஆனால் புள்ளி நீங்கித் 'தமிழ' என்று நிற்கும். 'மண்' என்பது 'மண' என்று ஆகிவிட்டால் பொருளே மாறிவிடுகின்றது அன்றோ? பண்டை ஏட்டுச் சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியிடாமலே எழுதினர். அவற்றைப் பதிப்பித்த பெரியோர், ஒரு சொல்லின் உண்மை வடிவத்தைத் துணிவதற்குப் பெரிதும் இடர்ப்பட்டனர். ஓலை கிழியாமல் இருக்கப் புள்ளியை விட்டனர் அன்றைய எழுத்தர். இன்று கவனக்குறைவால் அதனை இழத்தல் முறையாகுமா? வெட்டவே நேரின், எழுத்தின் எல்லை அறிந்து வெட்டுதல் வேண்டும். யு.டி.எஃப்.-8 முறையில் 128 முதல் 191 வரை உள்ள எண் வந்தால், அது முன் தொடங்கிய குறியின் தொடர்ச்சி என்று பொருள். ஆகவே, பின்னோக்கி நடந்து அக்குறியின் தொடக்கத்தைக் கண்டு, அதற்கு முன்னே வெட்டலாம். தமிழுக்கோ அதுவும் போதாது. உயிர்க் குறியையும் புள்ளியையும் அவை சார்ந்த மெய்யினின்று பிரியாமல் காத்தலும் வேண்டும்.

இன்னும் ஒரு வகைச் சரம் உண்டு. 'பிரிண்ட்எஃப்' என்னும் செயற்கூற்றுக்கு, எதனை எவ்வடிவில் அச்சிடுவது என்று கூறும் வடிவச் சரம் ஒன்றைத் தருகிறோம். அதில் விழுக்காட்டுக் குறி வந்தால் அதனை ஒரு கட்டளையாக அச்செயற்கூறு கொள்ளும். அக்கட்டளைகளுள் ஒன்று, நினைவகத்தில் எழுதவும் வல்லது. வெளியார் அனுப்பிய பெயரையே வடிவச் சரமாக வைத்துவிட்டால், அப்பெயருக்குள் அவர் மறைத்துவைத்த கட்டளைகளும் நிறைவேறும். இவ்விடரின் கடுமை 2000-ஆம் ஆண்டளவில் பலர்க்கும் தெரியவந்தது. வடிவச் சரத்தை நிரலரே எழுதி, வெளியார் தந்ததை அதில் இட்டு நிரப்பும் பொருளாக மட்டுமே கொள்ளுதல் இதற்கு உரிய காப்பு. விருந்தினர்க்கு இலையில் உணவு இடலாம். அடுப்பங்கரைச் சாவியைக் கொடுத்தல் ஆகாது.

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துக் கூறுவோம். முதலாவது, கைக்கு வந்த சரம் முடிச்சு முறையதா, அளவு முறையதா, எந்த எழுத்து முறையில் அமைந்தது என்று அறிந்துகொள்ளுதல். இரண்டாவது, கொள்கலத்தின் அளவை அதன் இலக்கத்தோடு எப்பொழுதும் சேர்த்தே ஒப்படைத்தல்; முடிச்சுக்கும் இடம் எண்ணுதல். மூன்றாவது, பிறர் சொன்ன அளவை உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்தல். நான்காவது, செயற்கூறு தரும் விடையைக் கேட்டு, சரம் வெட்டுண்டதா என்று அறிதல். ஐந்தாவது, ஒரு முறையிலிருந்து மற்றொரு முறைக்கு மாற்றுவதை நுழைவாயிலிலேயே ஆராய்ந்து செய்துமுடித்தல். ஆறாவது, வெளியார் தந்த சரத்தைக் கட்டளையாகக் கொள்ளாது இருத்தல்.

இவ்விதிகளுள் அறிதற்கு அரியது ஒன்றும் இல்லை. ஐந்தாம் வகுப்பு மாணவனும் பன்னிரண்டு எட்டினும் பெரிது என்று அறிவான். அப்படியிருந்தும் கல்வி மிக்கோர் எழுதிய நிரல்களில் இப்பிழை மீண்டும் மீண்டும் தோன்றுவது ஏன்? 'இவ்வளவு நீளமான பெயரை யார் அனுப்பப்போகிறார்?' என்னும் ஓர் எண்ணமே காரணம். அனுப்புவோர் அனைவரும் நல்லோர் என்று கொள்ளுதல் வாழ்க்கையில் பண்பாக இருக்கலாம். பலருடைய பொருளையும் உயிரையும் காக்கும் பணியில் அது கடமை தவறுதலே ஆகும். 512 என்று அளந்து இடம் ஒதுக்கியவர், வருவதையும் அளந்திருந்தால் புழு அவ்வழியே நுழைந்திராது. 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் வாக்கு. ஆறு கணக்குக் கேளாது. ஆயினும் போடுகின்றவன் தன் கணக்கை அறிந்திருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. சி மொழியும் அந்த ஆற்றைப் போன்றதே. அது கணக்குக் கேளாது. கணக்கு வைக்கும் பொறுப்பு முழுவதும் எழுதுகின்றவருடையதே ஆகும்.